புழு என்று தேடினாள்

நிறுத்துகிற பொத்தான் எது என்று தெரியாததால், புழு டாக்டர் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தாள்.

நூலகத்தின் மாடி அறையில் இருந்த பழைய கணினி அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. அதுவரை ஒரே ஒரு சாளரத்தில்தான் கட்டுரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இப்போது மேலும் நாலைந்து சாளரங்கள் திறந்துகொண்டு அவற்றிலும் இறங்க ஆரம்பித்தன.

“போதும். போதும்ப்பா. வேண்டாம்!”

வேண்டாம் வேண்டாம் என்றாலும் தட்டில் சோற்றைக் கொட்டுகிறவரைத் தடுப்பது போல, இரண்டு கைகளையும் திரைக்கு முன்னால் நீட்டினாள். கணினி மதிக்கவில்லை.

அவள் டாக்டர் இல்லை. மண்புழுக்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு தானும் படிக்க வந்துவிட்டாள். கொழுந்தன் விளையாட்டாக வைத்த பெயர் எப்படியோ துறை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. டாக்டர் இன்னும் வரவில்லை. புழு மட்டும் ஒட்டிக்கொண்டது.

அன்று காலைதான் அவளுடைய நெறியாளர், அவள் எழுதிய அத்தியாயத்தை மேசைமேல் வீசினார். அவருக்குத் துறையில் இடி என்று பெயர். முதலில் கண்ணாடி மின்னும், பிறகு சத்தம் வரும்.

“ஏம்மா, இது அத்தியாயமா, கல்யாணப் பத்திரிகையா? இத்தனை பக்கத்துக்கு நாலே நாலு கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டியிருக்கே?”

“இன்டர்நெட்ல இலவசமா கிடைச்சது அவ்வளவுதான் சார்.”

“இலவசமா கிடைக்கிறதை வச்சா ஆராய்ச்சி பண்ணுவாங்க? லைப்ரரில டேட்டாபேஸ் எதுக்கு இருக்கு? உலகத்துல வர்ற அத்தனை ஆய்விதழும் அதுல இருக்கு. நான் தினமும் அதுல நாலு கட்டுரை படிக்காம வாயில பச்சைத் தண்ணி ஊத்தறதில்லை. போய்த் தேடு. வெள்ளிக்கிழமை புது அத்தியாயம் வரணும். இல்லேன்னா வேற கைடைப் பாத்துக்கோ.”

துறையில் மண்புழுவைக் கையால் தொடுகிற வேறு கைடு யாரும் இல்லை. அவள் நேராக நூலகத்துக்கு ஓடினாள்.

நூலகர் நல்ல மனுஷி. கடவுச்சொல்லை எங்கேயோ எழுதி வைத்திருந்ததாகச் சொல்லி, இழுப்பறை இழுப்பறையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

“பல்கலைக்கழகம் முழுசுக்கும் ஒரே பாஸ்வேர்ட்தாம்மா. பத்திரமா வச்சுக்கோ.”

“மாடி ரூம்ல யாரும் இல்லையா மேடம்?”

“எல்லாரும் வீட்டிலேருந்தே பாத்துடறாங்க. இந்தக் காலத்துல யாரு லைப்ரரி வரைக்கும் வர்றா?”

உட்கார்ந்து, முதலில் தன் ஆய்வுத் தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினாள். அது இரண்டு வரி நீளம். ‘முடிவுகள் ஏதுமில்லை’ என்றது திரை. தன் தலைப்பில் உலகத்தில் ஒருவருமே எழுதவில்லை என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. பிறகு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. தலைப்பில் பாதியை வெட்டினாள். ஏதுமில்லை. மேற்கோள் குறியை எடுத்தாள், தலைப்பிலிருந்த ஈரத்தை எடுத்தாள், களிமண்ணை எடுத்தாள். மண்புழுவின் ஆங்கிலப் பெயரில் அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தாள் என்பதைக் கவனிக்கவில்லை. அதனால் கடைசி வரைக்கும் ஏதுமில்லை. கோபத்தில் மண்ணையும் வெட்டிவிட்டு, ஆங்கிலத்தில் புழு என்று மட்டும் அடித்தாள்.

வந்தது பாருங்கள் முடிவு! எண்ணிக்கையில் எத்தனை சுழி என்று பார்ப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அனைத்தையும் என்றால் இந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும் என்று அவளாக நினைத்துக்கொண்டு, அதை டிக் செய்து, தரவிறக்கு என்பதை அழுத்தினாள். கணினி அனைத்தையும் என்றால் அனைத்தையும் என்றே எடுத்துக்கொண்டது.

இப்போது நிறுத்த வழி தெரியாமல் தவிக்கும்போதுதான் இறங்குகிற கட்டுரைகளின் தலைப்புகள் கண்ணில் பட்டன. ‘வலைப்பின்னலுக்குள் புழுவை நுழைக்கும் வழிகள்.’ ‘காவலை ஏமாற்றும் புழுக்கள்: ஓர் ஒப்பீடு.’ ‘வங்கிகளை முடக்கிய புழு.’

மண்புழு எதற்கு வங்கிக்குப் போகிறது என்று முதலில் விளங்கவில்லை. கணினி விட்டுக் கணினி ஊர்ந்து போய் நாசம் பண்ணுகிற நிரலுக்கும் ஆங்கிலத்தில் புழு என்றுதான் பெயர் என்பது சட்டென்று உறைத்தபோது, உள்ளங்கை வியர்த்துச் சுட்டி வழுக்கியது.

திரை திடீரென்று சிவப்பாக மாறியது. நடுவில் வெள்ளை எழுத்து.

‘வழக்கத்துக்கு மாறான செயல்பாடு. இந்தப் பல்கலைக்கழகத்துக்கான அனுமதி முழுவதும் நிறுத்தப்படுகிறது. விசாரணை தொடரும்.’

புழு டாக்டர் குனிந்து, மேசைக்கடியில் புகுந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கணினி ஒரு மாதிரி முனகிவிட்டு அடங்கியது. உயிர் போகிற சத்தம் போலவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பயந்துகொண்டே பிளக்கை மாட்டிப் பார்த்தாள். கணினி கிளம்பவேயில்லை.

அவள் கீழே இறங்கியபோது நூலகர் கேட்டார்.

“என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சுதா?”

“இல்லை மேடம். அது… ஆன் ஆகவே இல்லை. நான் தொடவே இல்லை.”

“அப்பவே நினைச்சேன், பழைய மெஷின். லேப் அண்ணன்கிட்ட ரிப்பேருக்கு அனுப்பிடறேன்.”

பொய் இவ்வளவு சுலபமாக விலை போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் யாரோ பின்னாலிருந்து பார்ப்பது போலவே இருந்தது.

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டான். அவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். எந்த வியாதிக்கும் யோசிக்காமல் மருந்து எடுத்துக் கொடுத்துப் பழக்கம்.

“இதுக்கா இப்படி நடுங்கறே? நாளைக்குக் காலையில முதல் வேலையா நீயே ஒரு புகார் குடு. டேட்டாபேஸ் வேலை செய்யல, என் ஆராய்ச்சி பாழாகுதுன்னு. புகார் குடுக்கறவங்களை யாராவது சந்தேகப்படுவாங்களா?”

“மாட்டிக்கிட்டா என்னங்க பண்றது?”

“நீயா வாயைத் திறக்காத வரைக்கும் யாருக்குத் தெரியப்போகுது?”

வாசலில் மணி அடித்தது. கதவு இடுக்கில் ஒரு சீருடை தெரிந்தது. புழு டாக்டர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கூரியர்காரர் போய்விட்டார் என்று மகள் வெளியிலிருந்து சத்தியம் செய்த பிறகுதான் கதவு திறந்தது.

மறுநாள் பதிவாளர் அலுவலகத்தில் புகாரைக் கொடுத்தாள். அவள் கொடுக்கும் வரை பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன முணுமுணுப்புக்கூட இல்லை. கொடுத்த பிறகு தீப்பற்றிக்கொண்டது.

மதியத்துக்குள் துறைத் தலைவர்கள் பதிவாளர் அறை வாசலில் குவிந்துவிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர் தன் புத்தகம் பாதியில் நிற்கிறது என்றார். பொருளாதாரப் பேராசிரியருக்கு மூச்சே விட முடியவில்லையாம். இடி எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“காலையிலேருந்து ஒரு கட்டுரை படிக்கல சார்! கை உடைஞ்ச மாதிரி இருக்கு. எவன் பண்ணான்னு கண்டுபிடிச்சு வெளியே தள்ளுங்க. போலீஸ்ல குடுங்க!”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற புழு டாக்டர் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். நல்லவேளையாக அத்தியாயத்துக்குக் கெடு தள்ளிப்போயிற்று. “எனக்கே ஓடல, நீ என்னம்மா பண்ணுவே, பாவம்,” என்று இடி முதல் தடவையாக அவளிடம் மெதுவாகப் பேசினார். அந்த மெதுவில் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் விசாரணைக் குழு அமைந்தது. பதிவாளர் தலைவர். இடியும் கணினித் துறைப் பேராசிரியரும் உறுப்பினர்கள். பாதிக்கப்பட்டவர்கள் சார்பில், முதல் ஆளாகத் துணிந்து குரல் கொடுத்த மாணவி.

“நானா?” என்றாள் புழு டாக்டர்.

“உங்களை மாதிரி அக்கறை உள்ளவங்கதான் வேணும்,” என்றார் பதிவாளர்.

தன்னைத் தானே பிடிக்கிற குழுவில் போய் உட்கார்ந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முதல் கூட்டத்தில் டீ கோப்பை சாசரில் கடகடவென்று ஆடியது. அதை மறைப்பதற்காக ஏதாவது பேச வேண்டியிருந்தது.

“சார், ஒருவேளை… தப்பு அந்தக் கம்பெனி மேல இருக்கலாமே? நம்ம ஆளுங்க யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க.”

“அதானே!” என்றார் பதிவாளர். “எதை வச்சு நிறுத்தினாங்கன்னு கேப்போம். நேர்ல ஒரு ஆளை அனுப்பச் சொல்லுவோம். அருமையான யோசனைம்மா.”

அருமையான யோசனைக்குப் பதில் சீக்கிரமே வந்தது. தரவுத்தள நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அடுத்த வாரம் வியாழக்கிழமை நேரில் வருகிறார். அதற்குள் பார்த்துக்கொள்ள, அன்று இறங்கிய கட்டுரைகளின் தலைப்புகள் சில இணைக்கப்பட்டுள்ளன.

அடுத்த கூட்டத்தில் பதிவாளர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, கணினிப் பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“சார், இது சாதாரண ஆளு இல்லை. புழு எழுதறவன். பெரிய மூளைக்காரன். இரக்கமே இல்லாதவன். இன்னைக்குக் கட்டுரை, நாளைக்கு நம்ம சம்பள சர்வர்.”

“சம்பளமா?” என்றார் இடி. குரலில் இடியே இல்லை.

“ஆம்பளைதான். தனி ஆளு. கல்யாணம் ஆகியிருக்காது. யாரோடயும் பழக மாட்டான்,” என்று கணினிப் பேராசிரியர் தொடர்ந்தார்.

கல்யாணமான, தெருவில் எல்லாரோடும் பழகுகிற புழு டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தன்னைப் பற்றி யாரும் பெரிய மூளைக்காரி என்று சொன்னதில்லை. அந்த இரண்டு நொடி நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த நொடி கெட்டுப்போனது.

“லைப்ரரி கம்ப்யூட்டரைப் பாத்தீங்களா?” என்று பதிவாளர் கேட்டார்.

“அது அன்னைக்கே செத்துப்போச்சு சார். லேப்ல ரிப்பேருக்கு இருக்கு,” என்றார் இடி. “இந்தப் பொண்ணுகூடப் போய்ப் பாத்துட்டு வந்துச்சே.”

குழு மொத்தமாகக் கணினிக் கூடத்துக்குப் போனது. அங்கே செத்துப்போன கணினி, கூடத்தின் பராமரிப்பாளர் மேசைமேல் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. அவரை எல்லாரும் லேப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருடைய போன் கெட்டாலும் டீ வாங்கிக் கொடுத்தால் சரி செய்துவிடுவார். அதுவும் டீ வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு.

“சின்னக் கோளாறுதான் சார், இப்ப சூப்பரா ஓடுது,” என்று பெருமையாகச் சொன்னார்.

கணினிப் பேராசிரியர் அதைத் தட்டிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன.

“செத்த கம்ப்யூட்டர்ல எப்படி டவுன்லோட் ஆகும்? உன் மேசைக்கு வந்தப்புறம்தானே ஆகியிருக்கணும்?”

“சார், நான் இதெல்லாம் தொடவே இல்லை. தேதியைப் பாருங்க!”

தேதியைப் பார்த்தார்கள். கணினிக்குள் இருந்த பேட்டரி செத்துக் கிடந்ததால் அதன் கடிகாரம் யாரும் பிறக்காத ஏதோ ஒரு வருஷத்தைக் காட்டியது.

“தேதியையும் மாத்தியிருக்கான் பாருங்க,” என்றார் கணினிப் பேராசிரியர், மரியாதையும் நடுக்கமும் கலந்த குரலில். “நான் சொன்னேன்ல, பெரிய மூளை.”

லேப் அண்ணனை அன்றே வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதிகாரி வந்த பிறகு முடிவு.

புழு டாக்டர் வாயைத் திறந்தாள். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுப்பதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள்.

“உண்மையைச் சொல்லிடவாங்க?” என்று வீட்டில் கேட்டாள்.

கணவன் இந்தத் தடவை உடனே மருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. “சொன்னா உன் படிப்பு போயிடும்,” என்றான். அவள் தொடாத தட்டைப் பார்த்து, “சொல்லலேன்னா உனக்குச் சோறு இறங்காது. அதையும்தான் பாக்கறேன்,” என்றான்.

வியாழக்கிழமை காலை அவள் பஸ் நிலையத்தில் இறங்கியபோது, ஓரத்து பெஞ்சில் லேப் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது.

“என்னண்ணே, இங்க?”

“வீட்டுல இன்னும் சொல்லலைம்மா. வழக்கம்போலக் கிளம்பி வந்து இங்க உக்காந்துட்டு, சாயங்காலம் போறேன். நேத்து என் பொண்ணு கேட்டா, ‘ஏம்ப்பா, இப்பல்லாம் சீக்கிரம் வந்துடறே’ன்னு. என்ன சொல்றது?” கொஞ்சம் தயங்கினார். “நீங்க கமிட்டில இருக்கீங்க. நல்லவங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்லேன்னு எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?”

“என்னோட வாங்க அண்ணே.”

“நான் எதுக்கும்மா?”

“வாங்கன்னா வாங்க.”

கூட்ட அறை நிரம்பி வழிந்தது. எல்லாத் துறைத் தலைவர்களும் வந்திருந்தார்கள். நூலகரும் ஒரு மூலையில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறுவனத்து அதிகாரி முன்வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். ஒல்லியான ஆள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. புழு டாக்டருக்கு அவரைப் பார்த்ததும் பல் மருத்துவர் ஞாபகம் வந்தது.

“பாருங்க சார்,” என்று பதிவாளர் ஆரம்பித்தார். “குற்றவாளியை ஏறக்குறைய பிடிச்சிட்டோம். இதோ, கதவுகிட்ட நிக்கறாரே, அவர்தான்…”

“இல்லை,” என்றாள் புழு டாக்டர்.

அவள் எழுந்துவிட்டாள் என்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காரும்மா,” என்றார் இடி.

“நான்தான் சார் பண்ணேன்.”

“எதை?”

“எல்லாத்தையும். மண்புழுன்னு தேடினேன், வரல. புழுன்னு மட்டும் அடிச்சேன். அனைத்தும்னு ஒரு கட்டம் இருந்துச்சு, டிக் பண்ணிட்டேன். நிறுத்தத் தெரியல. பிளக்கைப் பிடுங்கிட்டேன். ஆன் ஆகலேன்னு மேடம்கிட்ட பொய் சொன்னேன். அப்புறம் நானே புகாரும் குடுத்தேன். அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது. அவர் ரிப்பேர் பண்ணாரு, அவ்வளவுதான். என்னை என்ன வேணா பண்ணுங்க, அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்குங்க.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கதவருகே லேப் அண்ணன் சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“அந்த மூளைக்காரன்… இவங்களா?” என்றார் கணினிப் பேராசிரியர். யாரோ அவரை ஏமாற்றிவிட்டது போல இருந்தது குரல்.

அப்புறம் இடி இடித்தது.

“என் மாணவியா இப்படி! உன்னால எத்தனை பேரு ஆராய்ச்சி நின்னு போச்சு தெரியுமா? ஒரு வாரமா நான் ஒரு கட்டுரை படிக்கல! என் மூளையே துருப்பிடிச்சுப் போச்சு!”

“என் புத்தகம்!” என்றார் வரலாறு.

“எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை,” என்றார் பொருளாதாரம்.

பதிவாளர் கைகூப்பாத குறையாக அதிகாரி பக்கம் திரும்பினார். “நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் நாங்க குறுக்கே நிக்க மாட்டோம் சார். ஆனா எங்க பேராசிரியர்கள் பாவம், தவிச்சுப் போயிட்டாங்க. இன்னைக்கே திறந்துவிட்டுடுங்க.”

அதிகாரி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். “தினமும் இதைப் பயன்படுத்தறவங்க யாரெல்லாம்?” என்று மெல்லக் கேட்டார்.

முதலில் உயர்ந்தது இடியின் கை. பிறகு வரலாறு, பொருளாதாரம், கணினி என்று அறை முழுவதும் கைகள். பதிவாளரும் யோசித்துவிட்டுத் தூக்கினார். நூலகர் மட்டும் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். புழு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை பேருடைய சாபமும் தன் மேல்தான் என்று நினைத்தாள்.

அதிகாரி மடிக்கணினியை ஒரு தடவை பார்த்தார். அதை மூடினார். எழுந்து நேராக அவளிடம் வந்தார். கைவிலங்கு எந்தப் பையில் இருக்கும் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் தன் வலது கையைக் குலுக்குவதற்காக நீட்டினார்.

“நடவடிக்கை எடுக்க வரலைங்க, உங்களை ஒரு தடவை நேர்ல பாத்துட்டுப் போகத்தான் வந்தேன், நாங்க டேட்டாபேஸை முதல்முதலா திறந்துவிட்ட நாள்லேருந்து இந்தப் பல்கலைக்கழகத்துலேருந்து உள்ள வந்த ஒரே ஆள் நீங்கதான்.”